உன் பக்கத்து நாற்காலி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் இங்கே நானும் அப்பாவும், அண்ணன், அண்ணி, பட்டாணி எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் சுகத்தை நான் விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை, நீ கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்து முகம் தெளிந்து நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கிறாய் என்று உன் ஊரிலிருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். பெற்றவள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னைப் பார்க்காமலே இவளால் இப்படிச் சிரிக்க முடிகிறதே என்று வயிறு எரிந்ததும் உண்மை. போனில் சொல்லலாம் என்றால் நீ பாதிப் பேச்சிலேயே மணி அடித்துவிட்டது அம்மா, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு நடுவில் மணி அடிக்காது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற கை, எழுத்து கோணல் மாணலாகத்தான் இருக்கும், உன் பிள்ளைகளின் நோட்டு என்று நினைத்து இதில் சிவப்பு மையை எடுத்துவிடாதே.

அப்பாவுக்குக் கண் பரவாயில்லை, சொட்டு மருந்து விடும்போது மட்டும் குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கண்டக்டர் வேலையை விட்டு இத்தனை வருஷமாகியும் புத்தி பஸ்ஸை விட்டு இறங்கவில்லை, போன ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குள் நுழைந்ததும் வாசலில் நின்றவர்களைப் பார்த்து "உள்ளே தள்ளி நில்லுங்க, உள்ளே இடம் இருக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார், ஆயர் ஐயாவே சிரித்துவிட்டார். அண்ணனுக்கு இரவு ஷிப்டு முடிந்து பகல் ஷிப்டு வந்திருக்கிறது. உன் அண்ணன் மகள் பட்டாணியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. ஒன்றாம் வகுப்புதான் படிக்கிறாள், தெருவில் உள்ள பெயர்ப்பலகை ஒன்றையும் விடமாட்டாள், எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிறாள். பல் டாக்டர் வாசலில் நின்று "வலியில்லாமல் பல் பிடுங்கப்படும்" என்று முழுசாக வாசித்தாள், உள்ளே யாரோ ஐயோ என்று கத்தினார்கள், உடனே என்னைப் பார்த்து "பொய் எழுதியிருக்காங்க பாட்டி" என்றாள். அந்த அறிவு யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா. எதிர்வீட்டுத் தையல்கார அக்கா மட்டும் அப்படியே இருக்கிறாள். அவள் மகள் தினமும் சாயங்காலம் வேலை விட்டு நேரே தாய் வீட்டுக்கு வந்து, பட்டன் தைத்துக் கொடுத்து, காலுக்கு மருந்து தேய்த்துவிட்டுப் போகிறாள். போகட்டும், நன்றாக இருக்கட்டும். அதற்காக மகளோடு டீ குடிக்கும்போது என் வீட்டைப் பார்த்த ஜன்னலையா திறந்து வைக்க வேண்டும், அந்தப் பக்கத்து ஜன்னல் என்ன பாவம் செய்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ கொடுத்தனுப்பிய முட்டி உறையையும் கம்பளிச் சால்வையையும் எடுத்துக்கொண்டு, உன் பள்ளிக்கூடத்தில் மகளைப் படிக்க வைக்கிற அந்த லாரி டிரைவர் வந்திருந்தார். நல்ல மனுஷன், பெரிய உடம்பை வைத்துக்கொண்டு நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தார். டீ கொடுத்து, என் மகள் எப்படி இருக்கிறாள் என்றுதான் கேட்டேன். அதற்கு அவர் தன் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "ஒரு நாள் ஸ்கூல்லருந்து குதிச்சுக்கிட்டே வந்து, அப்பா, நான் இன்னைக்கு சாக்பீஸ் திருடிட்டேன், பெரிய டீச்சர் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டேன்னு சொல்றாம்மா. நான் கையை ஓங்கிட்டேன். விசாரிச்சா, அவ திருடவே இல்ல. திருடினேன்னு சொன்னாத்தானே அந்த நாற்காலி கிடைக்கும்!" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை காலும் புரியவில்லை. பிறகு அவரே விளக்கினார், தலைமை ஆசிரியையான உன்னைத்தான் அங்கே பெரிய டீச்சர் என்கிறார்களாம். உன் பள்ளிக்கூடத்தில் அடித்தவன், பொய் சொன்னவன், அடுத்தவர் பென்சிலை எடுத்தவன், எவனாக இருந்தாலும் அன்று மத்தியானம் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமாம். திட்டு கிடையாதாம். உன் முட்டையை நீயே இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியைக் கொடுப்பாயாம். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு "இப்ப என்ன பண்ணலாம்?" என்று ஒன்றே ஒன்று கேட்பாயாம், பிள்ளை தானே எழுந்து போய்ப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருமாம். தப்பு செய்தவர்களோடு நம் ஆண்டவர் உட்கார்ந்து சாப்பிட்டார், ஊரே முணுமுணுத்தது, நம் பள்ளிக்கூடத்துக்கு அதைவிடப் பெரிய நோக்கம் ஒன்றை எழுதி மாட்ட வேண்டாம் என்று மற்ற டீச்சர்களிடம் சொன்னாயாம். இப்போது அந்த நாற்காலிக்காகப் பிள்ளைகள் செய்யாத தப்பையெல்லாம் ஒத்துக்கொள்கிறார்களாம், ஒருத்தன் மழையை நிறுத்தியதே நான்தான் என்று வந்து நின்றானாம். பொய் என்று தெரிந்தும் உட்கார வைக்கிறீர்களே என்று யாரோ கேட்டதற்கு, "பொய் சொன்னதும் தப்புதானே, உக்காரட்டும்" என்றாயாம். டிரைவர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தது வாய்தான்.

அவர் போன பிறகு சமையலறையில் ஒரு வேலையும் ஓடவில்லை. பாதி முட்டையாம். உனக்கு அவித்துக் கொடுத்தே என் கை சிவந்ததே, ஒரு நாள் அதில் பாதி எனக்கு வந்ததா. அந்த டிரைவர் மகளுக்கு முன்பல் ஆடுகிறது என்று நீ ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளிவிட்டுக் கொடுக்கிறாயாம், எனக்குக் கடைவாய்ப் பல் இரண்டு போனது உனக்குத் தெரியுமா. அவர் புறப்படும் முன்பே, பெரிய டீச்சர் தன் அம்மாவைப் பற்றி ஏதாவது பேசுவாளா என்று கேட்டிருந்தேன். நல்ல மனுஷன் என்றேனே, பொய் சொல்லவும் வரவில்லை, "பேசுவாங்க... பேசாமலா இருப்பாங்க" என்று இழுத்துவிட்டு, ஆறிப்போன டீயை அவசரமாகக் குடித்தார். உனக்குச் சாப்பாடு வைக்கிற சமையல்காரம்மா, உனக்கு வாசல் திறக்கிற காவல்காரர், உன் பக்கத்தில் உட்காருவதற்காகவே கெட்டுப்போகிற அந்தப் பிள்ளைகள், இவர்கள் ஒவ்வொருவர் மேலும் எனக்கு எரிச்சல் வந்தது. ஜெபம் செய்து பார்த்தேன், போகவில்லை.

அந்த எரிச்சலோடுதான் புறப்பட்டேன். பட்டாணி படிக்கிற நம் சபைப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை ஓய்வு பெறுகிறார். இடம் காலி, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். ஆராதனைக்குப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு போய் ஆயர் ஐயாவைப் பார்த்து அந்த இடத்தை உனக்குக் கேட்டேன், அவர்தானே தாளாளர். அறையில் புதுப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறார்கள், வார்னிஷ் வாசம் இன்னும் போகவில்லை, எங்கள் நோக்கம் அன்பு மன்னிப்பு சேவை என்று தங்க எழுத்தில் அழகாக எழுதியிருக்கிறது. கமிட்டிச் செயலாளரான மருந்துக்கடைக்காரரும் இருந்தார். ஆயர் ஐயா மரியாதையாக உட்கார வைத்து, உங்கள் மகள் வந்தால் பள்ளிக்கூடத்தை எப்படி நடத்துவாள் என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும், டிரைவர் சொன்னதையெல்லாம் நேரில் பார்த்தவள் மாதிரி சொன்னேன். சொல்லும்போது பெருமையில் குரல் தானாக ஏறிவிட்டது. மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தப்பு பண்ணவனுக்கு முட்டையா? அப்ப தப்பே பண்ணாதவன் என்னம்மா இளிச்சவாயனா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை, இல்லாதவர்களுக்குச் சும்மாவே மருந்து கொடுக்கிறவர். அதுவுமில்லாமல் அதே கேள்வியை நானே மனதுக்குள் கேட்டு வைத்திருந்தேன். இங்கே தப்பு செய்த பிள்ளை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நிற்க வேண்டும், மற்றவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் டப்பாவைத் திறக்கலாம். அது அப்படியே இருக்க வேண்டும், உங்கள் மகள் மாற்றமாட்டாள் என்றால் இடம் அவளுக்குத்தான் என்றார்கள். "மாத்தமாட்டா. அவளுக்கும் சேர்த்து நான் வாக்குக் குடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னது இல்லை. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது வருத்தமும் இல்லை, உன்னிடம் மறைப்பானேன், மனசு குளிர்ந்தே போயிருந்தது. ஒழிந்தது அந்த நாற்காலி, இனி எவள் பெற்ற பிள்ளைக்கும் என் மகள் பக்கத்தில் இடமில்லை என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வந்ததும் உன் அறையில் குவிந்திருந்த அப்பாவின் பழைய பேப்பரையெல்லாம் அள்ளி வெளியே போட்டேன். உனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, எல்லாம் முடிந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். வீட்டில் மட்டும் அத்தை வரப்போகிறாள் என்று சொல்லிவிட்டேன், பட்டாணி கேட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் வந்த அன்றும் அவள் என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் அவள் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போனாள். எடுத்துக்கொண்டு மத்தியானம் போனேன். வராந்தாவில், பைகள் தொங்குகிற கொக்கி வரிசைக்குக் கீழே, திறக்காத டப்பாவோடு என் பேத்தி நிற்கிறாள். உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள், கரண்டிச் சத்தம் கேட்கிறது. அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "பாட்டி, ஜெபத்துல யாரோ ஆமென் சொல்லும்போது தும்மிட்டாங்க, நான் சிரிச்சிட்டேன். யாரு சிரிச்சதுன்னு மிஸ்ஸுக்குத் தெரியவே இல்ல. நானேதான் சொன்னேன்" என்றாள். ஏனடி சொன்னாய் என்று கேட்டேன். "அத்தை வரப்போறாங்கல்ல, பழகிக்கலாம்னுதான். அத்தை வந்தா நான் அவங்க பக்கத்துல உக்காரலாம்ல?" என்றாள். அந்த நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு வந்தவளே நான்தான் என்றா சொல்வேன். ஊரான் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்குவதாக நினைத்தேன், என் வீட்டுப் பிள்ளையிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன். ஆயாம்மா வந்து பெரியவர்கள் இங்கே நிற்கக்கூடாது என்றாள். நிற்க நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு, பாட்டிலைக்கூடக் கொடுக்க மறந்து நேரே ஆயர் ஐயா அறைக்குப் போனேன்.

அன்றும் இருவரும் இருந்தார்கள். "நான் குடுத்த வாக்கைத் திருப்பி எடுத்துக்கறேன் ஐயா. என் பொண்ணு வந்தா அந்த நாற்காலியோடதான் வருவா, அது இல்லாம அவளைக் கூப்பிட எனக்கு வாய் வராது" என்றேன். மருந்துக்கடைக்காரர், "அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு பேசறீங்களேம்மா" என்றார். "ஆமா, தப்புதான். வராந்தாவுல போய் நிக்கட்டுமா?" என்று கேட்டேன். ஆயர் ஐயா சிரிக்க வாயைத் திறந்தவர், என் கையில் இருந்த சின்ன பாட்டிலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போனார். பட்டாணியை அவரே உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். கமிட்டி கூடியது. இடத்தை அங்கேயே மூன்றாம் வகுப்பு எடுக்கிற டீச்சருக்குக் கொடுத்துவிட்டார்கள், அவளும் நல்ல பெண்தான். நடைமுறையில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது, இனிமேல் முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் நிற்க வேண்டுமாம். இவர்களிடம் நம்மால் ஆனது அவ்வளவுதான். அப்பா கேட்டுவிட்டு, "உன் வீட்டு வாசலுக்கு வந்த பஸ்ஸை நீயே விசிலடிச்சு அனுப்பிட்டியே" என்றார். பேப்பர்களைத் திரும்ப உன் அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

இதனால் உன் அம்மா பெரிய மனுஷியாகிவிட்டாள் என்று நினைத்துவிடாதே. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தால் இப்போதும் எரிகிறது. அந்த டிரைவர் மகள் இன்று மத்தியானம் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தால் அதைவிட எரிகிறது. அதனால் நானே புறப்பட்டு வருகிறேன். விடுமுறையில் இல்லை, பள்ளிக்கூடம் நடக்கும்போது. விடுமுறையில் வந்தால் உன்னை மட்டும்தான் பார்க்கலாம், உன்னை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவர்களை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். அடுத்த மாதம் முதல் வாரத்தில் அண்ணன் ரயிலேற்றிவிடுவான், நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், அன்று மணி அடிக்க ஆள் வேண்டுமே, காவல்காரரை அனுப்பு போதும். உன்னைக் கேட்காமல் உன் பேரில் வாக்குக் கொடுத்தேன். அது அந்தப் பிள்ளைகள் சொல்கிற மாதிரிச் செய்யாத தப்பு இல்லை, நிஜமாகச் செய்தது. ஆகவே நான் வருகிற அன்று மத்தியானம் உன் பக்கத்து நாற்காலி எனக்கு. வேறு யாராவது முந்திக்கொண்டு வந்து நின்றால், முன்பல் ஆடினாலும் சரி, நாளைக்கு வா என்று சொல்லிவிடு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைக்கு வருகிற பிள்ளைகளையும்தான், வேறு வழி. சால்வை நன்றாக இருக்கிறது, முட்டி உறை கொஞ்சம் இறுக்கம். பாதி முட்டையைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க நிற்காதே, நாளையிலிருந்து இரண்டு முட்டை அவிக்கச் சொல்.

உன் வரவுக்கு வழி பார்த்து அலுத்து, தானே புறப்பட்டு வருகிற
அம்மா