இரண்டாவது தட்டு கவிழவில்லை

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து மூடுபனி. துவைத்த துணி மூன்று நாளாக ஈரம். எஸ்டேட்டில் வழுக்கி விழுந்த அம்மாவுக்குக் காலில் கட்டு. இன்னும் மூன்று வாரம். அதுவரை நான் மலைமேல், கொட்டச்சேட்டில் அம்மா வீட்டில்தான்.

என் லேப் ஜூனியர் கீர்த்தனாவின் ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்பீட்டாளர் குறிப்பு வந்திருக்கிறது. ஒரே கேள்வி: 'கட்டத்தின் அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிக் காட்டவும்.' நியாயம். கம்ப்யூட்டரில் தட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டித்தான் கணக்குப் போடுகிறோம்; கட்டம் பெரிதானால் விடை பிசகலாம். நானோ அளவில் இரண்டு காந்தத் தட்டுகள், அருகருகே. ஒவ்வொன்றிலும் ஒரு காந்தச் சுழல், நடுவில் மேல்நோக்கி நிற்கும் மையம். ஒன்றைக் காந்தப் புலத்தால் ஆட்டினால், தொடாமலே மற்றதும் ஆடும். ஆடி ஆடி அதன் மையம் கீழ்நோக்கிக் கவிழ்ந்துவிடும். கவிழ்வதுதான் கட்டுரை. அவள் தீசிஸின் கடைசி அத்தியாயமும் அதுதான். 18ஆம் தேதி சமர்ப்பிக்கிறாள்.

புரோகிராம் நான் எழுதியது. அதனால் ஓட்டுவதும் நான்.

பஸ் ஸ்டாப் வரை நடந்தால்தான் சிக்னல். துறைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் ஆகும்.

ஜூலை 10
கவிழவில்லை.

இரண்டாவது மையம் சுற்றுகிறது, சுற்றுகிறது, அடங்கிவிடுகிறது. சரிபார்த்தவை: தட்டின் தடிமன், இடைவெளி, புலம், நேர அளவு. எல்லாம் அதே. மாறியது கட்டம் மட்டும். பழைய கட்டத்தை ஐந்து நானோமீட்டர் என்று போட்டது நான். நாலு வருஷத்துக்கு முன், சீக்கிரம் முடியட்டும் என்று. அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அம்மாவைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். "நொம்ப கடுக்குது சாமி. ஊட்டுக்குள்ளயே கெடந்து பைத்தியம் புடிக்குது." முதுகு தேய்த்துவிட்டேன். வேறென்ன செய்ய.

ஜூலை 11
மழை. குடையோடு பஸ் ஸ்டாப். எங்கள் கைடு சாரிடம் போனில் சொன்னேன்.

"புலத்தைக் கூட்டிப் பாருங்கம்மா. கவிழும்."

"கூட்டினா எதுவும் கவிழும் சார்."

"அவ தேதிய நெனச்சுப் பாருங்க."

நினைக்காமலா இருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு
கூட்டி ஓட்டினேன். கவிழ்ந்தது. படம் அழகாக இருக்கிறது. அனுப்பினால் யாரும் கேட்கப்போவதில்லை.

கீர்த்தனா போன். "அக்கா, படம் வந்துருச்சுங்களா? அம்மா இப்பவே சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க." சிரிப்பு.

"இன்னும் ஓடுது" என்றேன். பொய்.

ஸ்டாப்பில் வெள்ளக்கடை பஸ்ஸுக்காக நின்ற பெண்மணி ஒருத்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு முடியலீங்களா?"

ஆமாங்க, அம்மாவுக்கு என்றேன். அது பொய்யில்லை.

வாங்க வேண்டியது: பால், கட்டுத்துணி, வலி மாத்திரை. மாத்திரையை மறந்துவிட்டேன்.

ஜூலை 14
எதுவும் செய்யவில்லை. அம்மா: "அந்த ரெண்டு தட்டும் இன்னும் சண்டையா கண்ணு?"

ஜூலை 15, செவ்வாய்
வெயில், வெகு நாளைக்குப் பிறகு. கவிழாத படம், கவிழ்ந்த படம் இரண்டையும் கீர்த்தனாவுக்கே அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன். எல்லாம் சொன்னேன். கட்டம், என் அவசரம், ஞாயிற்றுக்கிழமைப் பொய்.

அவள்: "எனக்குத் தெரியுங்கக்கா. ஏப்ரல்லயே ஒருக்கா சின்னக் கட்டம் போட்டு ஓட்டினேன். கவுழல."

"ஏன் சொல்லல?"

"நீங்க எழுதினது தப்பா இருக்காதுன்னு நெனச்சேன். நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்னு அந்த ஃபைலையே அழிச்சிட்டேன்."

அவள்தான் அழுதுகொண்டே என்னைச் சமாதானப்படுத்தினாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சாருக்கு இருவரும் சேர்ந்து மெயில். அத்தியாயம் போச்சு. 18ஆம் தேதியும். இனிக் குறைந்தது ஆறு மாதம் ஆகும் என்கிறாள். சாரிடமிருந்து பதில் இல்லை.

வீடு வந்தேன். அம்மா தானாக எழுந்து நிற்கப் பார்த்துச் சுவரைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள். "கூப்ட்டேன் சாமி, நீ இல்ல."