கருப்பி ஆட்டுக்கு ஈடாக வந்த கோபுரம்

பிப்ரவரி 3, 2006. வெள்ளி

காலையில் லேசான குளிர். ஒன்பதுக்கே வெயில் ஏறிவிட்டது. கரண்டு இல்லை. மிளகாய் காயப்போட்டேன்.

இன்னும் எட்டு நாள். ஜப்பான், கியோத்தோ. பேத்தி தேவி அங்கே படிக்கிறாள். மகன் முருகையா, மருமகள் லெட்சுமி, நான், மூன்று பேரும் போகிறோம்.

முதல் நாளுக்கு லெட்சுமி ஒரு தாள் எழுதி அலமாரியில் ஒட்டியிருக்கிறாள். தங்கக் கோயில். மூங்கில் தோப்பு. கிமோனோ போட்டு போட்டோ. கடைசி வரி: "அத்தை ரூமில் ஓய்வு."

ஓய்வாம். இந்தப் பர்மாவில், தாமுவே மார்க்கெட்டில் நாற்பது வருஷம் நின்றபடியே இட்லி விற்றவளுக்கு.

தாளைப் பிய்த்தேன். பின்பக்கம் வெள்ளை. வீணாக்குவானேன்? என் திட்டத்தை அதில் எழுதினேன்.

விடிந்ததும்: ஐந்தடுக்குக் கோபுரம். முதலில் அதுதான்.
ஒன்பதுக்குள் மற்ற கோயில்கள். அப்புறம் தரை சுடும், கால் வைக்க முடியாது.
மத்தியானம் நிழலில் சோறு.
நாலு மணிக்குமேல் மீதி.
கிமோனோ கிடையாது.

பிப்ரவரி 4. சனி

லெட்சுமி முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். வைக்கட்டும். அவள் கல்யாணத்தில் என்னைப் பின் வரிசையில் உட்கார வைத்தார்களே அவள் வீட்டார், அதை நான் மறந்தேனா?

முருகையா கேட்டான், "அது என்னம்மா ஐந்தடுக்குக் கோபுரம்? யாரு சொன்னா?"

"தங்கப்பல்காரன் சொன்னான்."

ஜப்பான்காரன் ஆண்ட காலம். எனக்கு ஆறு வயது. தங்கப்பல் கட்டிய ஒரு சிப்பாய் எங்கள் கருப்பியை, பால் கறக்கிற ஆட்டை, கயிற்றோடு இழுத்துப் போனான். அம்மா காலில் விழுந்தாள். அவன் திரும்பி வந்து ஒரு படத் தபாலட்டையை என் கையில் கொடுத்தான். அதில் கோபுரம். ஐந்து விரலைக் காட்டினான், நெஞ்சைத் தட்டினான். என் ஊர் என்று அர்த்தம். கியோத்தோ, கியோத்தோ என்று சிரித்தான். அம்மா அட்டையை அடுப்பில் போட்டாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

முருகையா, "ஆறு வயசுல பார்த்தது என்னம்மா ஞாபகம் இருக்கும்?"

எனக்கா?

பிப்ரவரி 5. ஞாயிறு

தேவி டீக்கடை போனுக்குக் கூப்பிட்டாள். ஓடினேன். இடது முட்டி வலி. திட்டத்தைப் படித்துக் காட்டினேன்.

"ஒன்பது மணிக்குள்ள ஏன் முடிக்கணும் அப்பாயி?"

"கால் சுடாதாடி?"

"சூ போட்டுக்கிட்டுத்தானே நடப்போம்! உள் மண்டபத்துல மட்டும் கழட்டினா போதும். அதோட இங்க இப்ப பனி விழுது. தரை சுடாது, விறைக்கும்."

"சாமி வாசலுக்குச் செருப்போட போவாங்களா?"

"இங்க எல்லாரும் அப்படித்தான்."

"நான் எல்லாரும் இல்ல."

"சாக்ஸாவது போட்டுக்குங்க அப்பாயி."

இங்கே ஷ்வேடகோன் பயாவில், புத்தர் கோயிலில், சாக்ஸும் கூடாது, படிக்கட்டு அடியிலேயே கழற்ற வேண்டும். நம் பயாவுக்குக் காட்டுகிற மரியாதையில் அங்கே குறைப்பானேன்? ஆடு திருடினது சிப்பாய். சாமி என்ன செய்யும்?

டீக்கடை கோ மின் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பனியில் நடந்தால் பாட்டி ஐஸ்கிரீம் ஆகிவிடுவாள் என்று பர்மியில் சொன்னான். கடையே சிரித்தது. உன் கடை டீ ஏற்கெனவே அப்படித்தானே இருக்கிறது என்றேன்.

"தரை சுடும்" என்பதை அடித்தேன். "தரை விறைக்கும்" என்று எழுதினேன். நேரத்தை மாற்றவில்லை.

பிப்ரவரி 7. செவ்வாய்

பயாவுக்குப் போய்வந்தேன். பிறந்த கிழமை ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு மூலை. நான் நின்றது செவ்வாய் மூலை, சிங்கம் இருக்கும் மூலை. தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு குவளை, அதற்குமேல் ஒன்று. எப்போதும் போல இரண்டு.

சாயங்காலம் முருகையா கம்ப்யூட்டர் கடையிலிருந்து மூன்று படம் எடுத்துவந்தான். தேவி அனுப்பியவை. கியோத்தோவில் ஐந்தடுக்கு ஒன்றுக்கு மேல் இருக்கிறதாம். கவிழ்த்து வைத்தான். "சொல்லுங்க பார்ப்போம்."

சொன்னேன். முன்னால் தண்ணீர். கோபுரம் தலைகீழாக அதில் தெரியும். தண்ணீர் ஓரம் இடதுபக்கம் சாய்ந்த ஒரு மரம்.

முதல் படம், மேட்டுத்தெரு. இல்லை. இரண்டாவது, மரங்களுக்கு நடுவில். இல்லை. மூன்றாவது குளம்.

"இதுதான்."

"மரம் எங்கம்மா?"

மரம் இல்லை. பட்டிருக்கும். அறுபது வருஷமாக மரம் எனக்காக நிற்குமா?

லெட்சுமி அடுப்படியிலிருந்து, "ஒரு ஆட்டுக்காக இத்தனை வருஷமா அத்தை?"

சொல்லக் கூடாது என்று இருந்தேன். வாயில் வந்துவிட்டது. "ஆட்டுக்கு இல்லடி. அந்தப் பால குடிச்சது என் தம்பி. அம்மாவுக்குப் பால் இல்ல. கருப்பி போய் மழைக்காலம் முடியல, அவனும் போயிட்டான். ஒரு வயசு."

முருகையா சோற்றில் கைவைத்தபடி இருந்தான். "எனக்கு ஒரு மாமா இருந்தாரா?"

இருந்தான். செவ்வாய்க்கிழமை பிறந்தான்.

பிப்ரவரி 9. வியாழன்

கொசுத்தொல்லை. மிளகாய் காய்ந்தது, அதில் கால் மூட்டை தேவிக்கு.

அலமாரியில் புதுத் தாள். முருகையா கையெழுத்து. முதல் நாள்: கோபுரம். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

லெட்சுமி விடவில்லை. "ராத்திரி பூரா பிளேன்ல உட்கார்ந்து வந்து, காலையில பனியில வெறுங்கால். காய்ச்சல் வந்தா யாரு பார்க்கிறது?"

"நீதான்."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை.

பிப்ரவரி 10. வெள்ளி

நாளைச் சாயங்காலம் புறப்பாடு. கோ மின் வேன் சொல்லியிருக்கிறான்.

எடுத்தவை: முட்டிக்குத் தைலம். இரண்டு சேலை. லெட்சுமி கேட்காமலே வைத்த கம்பளி. மிளகாய். பித்தளைக் குவளை.

"தண்ணி குடிக்க அங்க குவளை இருக்காதா அத்தை?"

குடிக்க இல்லை என்றேன்.

தேவியிடம் கேட்டாயிற்று, அங்கே செவ்வாய் மூலை கிடையாதாம். கிடக்கட்டும். கோபுரத்து அடியில் நான் நிற்கிற பக்கம் செவ்வாய். செருப்பைக் கழற்றுவேன். இரண்டு குவளை ஊற்றுவேன். காவல்காரன் வந்தால் வரட்டும், தமிழில் பதில் சொல்வேன். பிறகு தம்பி பேரைச் சத்தமாகச் சொல்வேன்.

ராசு.

அந்த ஊரில் அந்தப் பேரை இதுவரை யாரும் சொன்னதில்லை.