அட்ராக்டா சித்தி வாசித்த கதை

அன்பு மகள் டெர்வ்லாவுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த மட்டுக்கும் ஆண்டவருக்கு நன்றி. வான்கூவரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவின் இடுப்பு அறுவை சிகிச்சைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை, தினமும் தபால்காரர் மேல் எரிந்து விழுகிறார், அந்த மனுஷன் என்ன செய்வார். மழை விட்டபாடில்லை, கீழ் வயலில் தண்ணீர் நிற்கிறது, கன்றுகளை இன்னும் வெளியே விட முடியவில்லை. உன் புத்தகம் நூலகத்துக்கு வந்த அன்று அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய், அலமாரியில் அட்டை வெளியே தெரிகிறமாதிரி திருப்பி வைத்துவிட்டு வந்தாராம். என்னிடம் மூச்சு விடவில்லை, நூலகப் பெண்தான் சொன்னாள்.

இனி எழுதப்போவதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நான் போன் பேசினால் அப்பா பக்கத்தில்தான் இருப்பார். கேட்டால் அதே கைத்தடியோடு உன் சித்தப்பா மாலகி வீட்டு வாசலில் போய் நிற்பார், அதற்கான அடி பிறகு யாருக்கு விழும் என்று உனக்குத் தெரியும். உன் மூன்றாவது கதையைப் பற்றித்தான். நீ கவனமாகத்தான் எழுதியிருக்கிறாய், ஒத்துக்கொள்கிறேன். அட்ராக்டா சித்தியின் பெயரை மாற்றினாய், நம் ஸ்லைகோ மாவட்டத்தைக் கெர்ரி ஆக்கினாய், மாட்டு வியாபாரம் செய்கிற சித்தப்பாவைப் பல் மருத்துவர் ஆக்கினாய். இவ்வளவும் மாற்றியவள், வெளியே கிளம்பும்போதெல்லாம் மனைவி எங்கும் போய்விடாதபடி அவள் காரிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போகிற புருஷனை மட்டும் அப்படியே விட்டுவிட்டாய். எந்த ஊர்ப் பல் மருத்துவர் பேட்டரியைக் கழற்றுவார்? நூலகத்தில் வாராவாரம் கூடிப் புத்தகம் பேசுகிற பெண்கள் படித்த உடனே யாரென்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் வாய்விட்டு ஒருத்தியும் சொல்லவில்லை. 'நல்லா எழுதியிருக்கா உன் பொண்ணு, படிக்கத்தான் மனசு கஷ்டமாயிடுச்சு' என்று என் தட்டில் ஒரு கேக் துண்டு கூடுதலாக வைத்தார்கள். நம் ஊர் உனக்குத் தெரியாதா.

ஃபாதர் வருஷத்துக்கு ஒரு வீடாக வந்து வைக்கிற பூசை, இந்தத் தவக்காலத்தில் சித்தி வீட்டு முறை. சுற்றுவட்டாரம் முழுக்க வரும் என்று அவள் ஒரு மாதமாக ஒற்றை ஆளாகச் சுவருக்கெல்லாம் வெள்ளையடித்திருந்தாள். ஃபாதர் அடுக்களை மேசையில் பூசையை முடித்ததும் எல்லோரும் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மாலகி நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு தன் கையால் தேநீர் ஊற்றுகிறார், பார்க்கிறவர்கள் புனிதர் என்றே நினைப்பார்கள். அப்போது அந்தப் புத்தகக் கூட்டத்து டிம்ப்னா கோப்பையை நீட்டிக்கொண்டே, 'என்ன மாலகி, கார் பேட்டரியெல்லாம் பத்திரமா இருக்கா? இப்பல்லாம் அது கதப் புத்தகத்துலகூட வருதாமே' என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் ஒரு குத்தல் வைத்தால் மனுஷன் கூசிப்போவான் என்பது நம்மவர்கள் எண்ணம், நேராகக் கேட்க மட்டும் மாட்டார்கள். பெண்கள் சிரித்தார்கள், மாலகியும் சிரித்தார், ஃபாதர் இன்னொரு துண்டு ரொட்டி கேட்டார். அட்ராக்டா வெண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததைப் போன சனிக்கிழமைதான் சொன்னாள். ஒரு அடக்கம் முடிந்து பங்கு மண்டபத்தில் சாண்ட்விச் பரிமாறிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். அந்த அடுக்களைக்குள் ஆம்பிளைகள் வரமாட்டார்கள், அதனால்தான் வாய் திறந்தாள். பூசை நடந்த அன்றே மாலகி நூலகத்துக்குப் போய் உன் புத்தகத்தை எடுத்து வந்துவிட்டாராம். சந்தை விலைத்தாளைத் தாண்டி அவருக்குப் படிக்க வராது. சாப்பிட்டதும் மேசைமேல் போட்டு, 'உங்க அக்கா மக என்ன கிழிச்சிருக்கான்னு வாசி, கேப்போம்' என்றாராம். இவள் வாசித்திருக்கிறாள். பேட்டரி வருகிறது என்று அவருக்குத் தெரியும், அதை விட முடியாது. அதனால் பனியில் கெட்டுப்போகுமே என்று அக்கறையாகப் பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுவருகிற புருஷனாக்கி வாசித்திருக்கிறாள். அவன் கதவிடுக்கில் அவள் கையை வைத்து நசுக்குகிற இடத்தில், தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டினான் என்று வாசித்திருக்கிறாள். பக்கத்தைப் பார்த்தபடியே, குரல் தடுமாறாமல், திருப்ப வேண்டிய இடத்தில் தாளைத் திருப்பிக்கொண்டு. முடிந்ததும், 'இதுக்கா இந்தச் சிரிப்பு சிரிச்சாளுங்க' என்று அவளை ஒரு பார்வை பார்த்தாராம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஈஸ்டருக்கு டப்ளினிலிருந்து தன் வாத்தியார் தம்பி வருகிறாரே, அவர் ஒருதடவை வாசிக்கட்டும் என்று அலமாரிமேல் எடுத்து வைத்திருக்கிறார்.

இப்படியே என்னோடு கிளம்பி வா என்றேன். 'உன் வீடு நாலு மைல் அக்கா, நான் கோட்டக் கழட்டறதுக்குள்ள அவரு வாசல்ல நிப்பாரு' என்றாள். பட்டணத்தில் பெண்கள் தங்குகிற இல்லத்துக்கு மறுநாளே கேட்டுப் பார்த்தேன், இடம் காலியானால் கூப்பிடுகிறோம் என்றார்கள், இன்னும் கூப்பிடவில்லை. கடைசிக் கோப்பையைத் துடைத்தபடி அவள் உன் கதையைப் பற்றித்தான் பேசினாள். 'அவரு காதுக்கு, கடைசில அவ உக்காந்து தேத்தண்ணி ஊத்துறான்னு வாசிச்சேன். ஆனா நெசத்துல அவ கதவத் தொறந்துட்டுப் போயிடறா இல்லியா. அதோட டெர்வ்லா முடிச்சுட்டா. அவ எங்க போனான்னு எழுதலியே' என்றாள். இப்போதெல்லாம் கதையை அப்படித்தான் முடிப்பார்கள், மீதியைப் படிக்கிறவர்களே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நீ முன்பு எனக்குச் சொன்னதையே சொன்னேன். 'எனக்கு நெனச்சுப் பாக்க ஒண்ணும் வரலக்கா. எழுதினவளுக்குத் தெரிஞ்சிருக்கும், கேட்டு மட்டும் சொல்லு' என்றாள். அதற்குள் வாசலில் கார் ஹாரன் கேட்டது, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

உன்மேல் கோபத்தில் எழுதவில்லை கண்ணு. புத்தகத்தில் உன் பெயரைப் பார்த்து நான் அழுதது அப்பாவுக்கே தெரியாது. ஆனால் அந்த வாத்தியார் தம்பி உள்ளதை உள்ளபடி வாசித்துவிட்டால் சித்தியின் கதி என்ன என்றுதான் பயம். மாதா உனக்குத் துணை இருக்கட்டும், நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடியட்டும். சித்தியின் போனுக்கு ஒன்றும் அனுப்பாதே, அதை மாலகி பார்க்கிறார். தபால் வர நாளாகும், ஈஸ்டர் நெருங்கிவிட்டது, இதைப் படித்த அன்றே உட்கார்ந்து என் பெயருக்குப் பதில் போடு. கதவைத் திறந்துகொண்டு போன அந்தப் பெண் எங்கே போனாள் என்று எழுது, தெருப் பெயரும் கதவு எண்ணும் போட்டு எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
இமெல்டா