மூன்றாம் அறையில் இல்லாத ஜன்னல்

அனுப்புநர்
த. அருமைநாயகம்,
செய்தியாளர் (ஓய்வு),
மில்லர்புரம், தூத்துக்குடி.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தூத்துக்குடி.

பொருள்: சிப்பித்துறை பழைய கிளைச் சிறையை இடிக்கும் பணியை நிறுத்தி, மூன்றாம் அறையை அளந்து பதிவு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இச்சிறை 1868இல் கட்டப்பட்டது. இரண்டரை அடி கனத்தில் கடற்பாறைக் கல், சுண்ணாம்புக் காரை. ஐந்து அறைகள், நான்கில் ஜன்னல் உண்டு. மூன்றாம் அறையில் கிடையாது. முத்துக்குளிப்பின்போது முத்தை விழுங்கிப் பிடிபட்டவர்களை அடைக்கும் அறை அது. முத்து வெளியே கைமாறக் கூடாது என்றே அப்படிக் கட்டியதாகக் கட்டுமானக் குறிப்பு சொல்கிறது. கதவு முழுப் பலகை. கூரையோரம் இரண்டு காற்றுத் துளைகள். கை நுழையாது, கம்பியும் இல்லை.

2. 1993 ஆகஸ்டில், உப்பளத் தகராறு ஒன்றில் கைதான வன்னியபெருமாள் (வயது 31) இந்த அறையில் இறந்தார். ஜன்னல் கம்பியில் வேட்டியால் தூக்கிட்டுக்கொண்டார் என்கிறது விசாரணை அறிக்கை. விசாரித்தவர் அறைக்குள் போனதாக அதில் ஒரு வரியும் இல்லை.

3. நானும் போகவில்லை. அதிகாரிகள் கொடுத்த குறிப்பை அப்படியே செய்தியாக்கினேன். தினமும் சோறு கொண்டுபோன அவர் மனைவி முத்துக்கனி, சிறை வாசலில் என்னிடம், "பகல்லயே அவுக மொகம் தெரியாது. அங்கன ஏது ஜன்னலு அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் குறித்துக்கொள்ளவில்லை.

4. சென்ற மாதம் இக்கட்டடத்தின் வரலாற்றை எழுத, அனுமதி பெற்று, அளவு டேப்புடன் உள்ளே போனேன். நான்கு சுவர்களையும் தட்டிப் பார்த்தேன். ஜன்னலை அடைத்த தடம் எங்கும் இல்லை. 1868 வரைபடமும் என் அளவுகளும் ஒத்துப்போகின்றன.

5. இந்த அளவுகளை இணைத்து, முத்துக்கனி அம்மாள் மறுவிசாரணை கேட்டு மனுக் கொடுத்தார். பதில் வரவில்லை. பதினோராம் நாள் சிறை வாசலில் பலகை வைத்தார்கள்: பாழடைந்த கட்டடம், 24ஆம் தேதி இடிக்கப்படும். முப்பது ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த கட்டடத்துக்கு இப்போது என்ன அவசரம் வந்தது? அந்த அம்மாளிடம் வேறு சாட்சி இல்லை. அந்தச் சுவர்தான் இருக்கிறது.

6. ஆகவே, இடிப்பு ஆணையை உடனே நிறுத்தி, முத்துக்கனி அம்மாள் முன்னிலையில் அந்த அறையை அளந்து படமெடுத்து, மறுவிசாரணைக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். இடித்தே தீர வேண்டுமென்றால், அந்த ஜன்னல் எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டிவிட்டு இடிக்கட்டும்.

இப்படிக்கு,
த. அருமைநாயகம்

இடம்: தூத்துக்குடி
நாள்: 11.03.2025

இணைப்பு: 1868 வரைபட நகல், அறையின் அளவுகள், 1993இல் நான் எழுதிய தவறான செய்தி.