முன் படகில் கத்தி இல்லை

என்னைக் குஞ்சு என்று மட்டுமே கூப்பிட்ட என் அப்பாவுக்கு,

முதலில் என் கண்ணில் பட்டது கத்தியின் பிடியில் இருந்த விலை ஸ்ரிக்கர். யாரோ நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுப் பாதியில் விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் கத்தியைக் கண்டேன். அதற்கும் பிறகுதான் மேலே சுவரில் உங்கள் படத்தைக் கண்டேன். அட்டையில் உங்கள் பெயர் பிழையில்லாமல் இருந்தது. அதற்குக் கீழே, "இயந்திரப் படகின் ஓட்டி. அவர் பயன்படுத்தியதைப் போன்ற கத்தி" என்று எழுதியிருந்தது.

இது ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில், போன ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் பெப்ரவரியில் போய்விட்டீர்கள். மே மாதம் ஊரில் சண்டை முடிந்தது, அப்பா. எப்படி முடிந்தது என்று நான் இங்கே எழுத மாட்டேன். அதைக் கேட்காமல் போனது உங்கள் புண்ணியம் என்று அம்மா சில நாட்கள் சொல்வார். வேறு சில நாட்களில், எங்களைத் தனியாகக் கேட்க விட்டுவிட்டுப் போனீர்களே என்று உங்கள் படத்தோடு சண்டை பிடிப்பார்.

முடிந்த பிறகு இங்கே எல்லோரும் எதையாவது காப்பாற்றி வைக்கத் தொடங்கினார்கள். ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிய சிவம் அங்கிள் உங்களுக்குத் தெரியும். அவர்தான் சங்கத்தின் செயலாளர். போர்க்காலத்தில் ஆட்களைக் காப்பாற்றிய படகுகளையும் அவற்றை ஓட்டியவர்களையும் பற்றி ஒரு கண்காட்சி வைத்து, ஒரு புத்தகமும் போடப் போகிறார். உங்கள் படத்தைக் கேட்டார். அம்மா கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டார்.

உங்கள் படத்துக்கு முன்னால் இரண்டு அன்ரிமார் நின்றார்கள்.

"உவர்தானாம் அண்டைக்குக் கயிறு அறுத்தவர்."

"ஐயோ, முகத்தைப் பாத்தா அப்பிடித் தெரியேல்லையே."

"அறுத்த கத்தியையும் வைச்சிருக்கினம், பாருங்கோவன்."

நான் அவர்களுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் நின்றேன். என் வாய் திறக்கவில்லை. என்னை உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள் போன பிறகு பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டேன். திட்டாதீர்கள். எழுந்து நின்று பேசச் சொன்ன ஒரு நாளில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள், பிறகு போகவில்லை. இப்போது ஒரு ரேக்அவுட் சாப்பாட்டுக்கடையின் குசினியில் ரோல்ஸ் சுற்றுகிறேன். அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை.

பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழவில்லை. "கத்தியோ? கொப்பற்றை கத்தியோ?" என்று, உங்களிடம் ஏது கத்தி என்பதுபோல் இரண்டு தரம் கேட்டார்.

பிறம்ரனில் நீங்கள் வேலை செய்த களஞ்சியத்தில் எல்லோரும் இடுப்பில் பெட்டி வெட்டும் கத்தி கொழுவியிருப்பார்கள், நீங்கள் மட்டும் வீட்டுக் கதவின் திறப்பால் பெட்டியில் ஒட்டிய ரேப்பைக் கிழிப்பீர்கள். அதை அவர்கள் பகிடி பண்ணுவதை நீங்களே சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். ஏன் அப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று அம்மா சொன்னார்.

"அது போட் ஓட்டினவையின்ரை சட்டம் பிள்ளை. முன் போட்டிலை கத்தி இருக்கப்படாது. முன்னுக்கு இருக்கிறவன்ரை கையிலை கத்தி இருந்தா, வெடிச்சத்தம் கேட்டவுடனை பயத்திலை அறுத்துப்போட்டு ஓடிடுவான். கத்தி கடைசி வள்ளத்திலைதான் இருக்கும்."

இதைப் புத்தகத்தில் வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். தரைப்பாதை பூட்டிய காலத்தில் குடாநாட்டை விட்டு வெளியே வர அந்தக் கடனீரேரிதான் இருந்தது. இயந்திரம் பூட்டிய ஒரு படகு முன்னால் போகும். இயந்திரம் இல்லாத வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றில் இழுபட்டு வரும். காயப்பட்டவர்கள், வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள், கிழவர்கள் எல்லோரும் இருட்டில், விளக்கில்லாமல் வருவார்கள். அப்பா முன் படகை ஓட்டினார். ஒரு பயணத்தில் கடற்படை சுட்டது. கயிறு அறுந்து கடைசி வள்ளம் பின்னால் நின்றுவிட்டது. அதில் இருந்தவர்களில் பாதிப் பேர் கரைக்கு வரவில்லை. முன்னால் இருந்தவர்கள், ஓட்டி கயிற்றை அறுத்துவிட்டுத் தப்பி ஓடினான் என்று சொன்னார்கள். அவர்களும் கனடாவுக்கு வந்தார்கள். அந்தக் கதையும் அவர்களோடு வந்தது.

புதன்கிழமை நானும் அம்மாவும் மண்டபத்துக்குப் போனோம். சிவம் அங்கிள் மேசையில் புத்தகத்தின் தாள்களைப் பரப்பி வைத்திருந்தார்.

"கத்தி ஆற்றை?" என்று அம்மா கேட்டார்.

"அதோ அக்கா, அது எங்கடை குசினிக் கத்தி. ஓட்டியெண்டா கத்தி இல்லாமல் இருப்பரே எண்டு கொண்டந்து வைச்சன். மனுசி மூண்டு நாளாத் தேடுறா." அவர் சிரித்தார்.

அம்மா போய்க் கத்தியை எடுத்து வந்து அவருடைய தாள்களுக்கு மேலே வைத்தார். "அவ தேடுறா, கொண்டு போய்க் குடுங்கோ" என்றார்.

நான் அவரிடம் முன் படகின் சட்டத்தைச் சொன்னேன். ஓம் அப்பா, நான்தான். பாதி ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது. "பிள்ளை, எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம். ரெண்டு வருசத்துக்கு முந்தி கொப்பரிட்டையே நேரை கேட்டனான். இல்லையெண்டு ஒரு சொல் சொன்னவரே? சிரிச்சுப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சவர்" என்றார்.

பிறகு சொன்னார்: "புத்தகம் சனிக்கிழமை அச்சுக்குப் போகுது. ரெண்டு பக்கம் தாறன், நீயே எழுது. ஆனா ஆர் அறுத்தது எண்டு எழுதோணும். சும்மா எங்கடை அப்பா இல்லையெண்டு எழுதினா, மகள் தேப்பனுக்காகக் கதைக்கிறாள் எண்டுதான் சனம் சொல்லும்."

ஏன் அப்பா சிரித்தீர்கள்? அந்த ஒரு தேத்தண்ணியைக் குடிக்காமல் ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? கல்யாண வீடுகளில் எங்கள் மேசையில் ஏன் ஆட்கள் வந்து இருப்பதில்லை என்று சின்ன வயதில் நான் கேட்டபோது, என் சட்டை வடிவாக இருக்கிறது, பொறாமை எரிச்சலில் வருகிறார்களில்லை என்று சொன்னீர்கள். அதை நம்பி வளர்ந்தேனே. உங்களுக்கு மட்டும் உரிய பெயரையா நீங்கள் கெடுத்துக்கொண்டீர்கள்? அது அம்மாவுடைய பெயரும் இல்லையா? என்னுடையதும் இல்லையா?

வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். கடைசி வள்ளத்தில் கத்தியோடு இருந்தது யார்? உங்களுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்ததாக அம்மா சொன்னார். "செத்தவருக்குக் குடுத்த சத்தியம் பெரிசோ, அவற்றை பேர் பெரிசோ?" என்று கத்தினேன். நான் கத்தியதை அம்மா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். சொல்லிவிட்டார்.

தாசன் மாமா.

ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் பிறம்ரனில் இருந்து கேக் பெட்டியோடு வருவாரே, அந்த தாசன் மாமா. உங்கள் சவப்பெட்டியின் கால்மாட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த தாசன் மாமா. இத்தனை வருடம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வெளியே உங்களைச் சொல்கிற சொல்லையெல்லாம் கேட்டுக்கொண்டு எப்படி இருந்தார்?

நேற்று அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் லொறியை நிற்பாட்டிவிட்டுக் கதைத்தார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "நீங்களோ கயிறு அறுத்தது?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார். உடனேயே சொன்னார்.

"பிறகேன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே, பிள்ளை. நீதான் முதல் ஆள்."

எனக்கு வந்த கோபத்தில் தொலைபேசியை வைத்துவிடப் பார்த்தேன். அவர் நிற்பாட்டாமல் சொன்னார். அவருடைய வள்ளத்தில் வெடி பட்டுத் தண்ணீர் ஏறத் தொடங்கியதாம். அது தாழத் தாழ, கயிறு முன்னுக்கு இருந்த வள்ளத்தையும் இழுக்கத் தொடங்கியதாம். அறுக்காவிட்டால் எல்லாம் போயிருக்கும். அறுத்தார். நீங்கள் மற்றவர்களைக் கரையில் இறக்கினீர்கள். இறங்கியவர்கள் லொறிகளில் ஏறிப் போனார்கள். நீங்கள் வெறும் படகோடு திரும்பி வந்து, தண்ணீருக்குள் கிடந்த அவரையும் மிஞ்சியவர்களையும் தூக்கினீர்கள். அதைப் பார்க்கக் கரையில் ஒருவரும் இருக்கவில்லை.

"நான்தான் அறுத்தன் எண்டு சொல்லப் போறன் எண்டனான். கொப்பர் விடேல்லை. மிஞ்சின ஆக்களையும் சொல்லவேண்டாம் எண்டு கேட்டவர். செத்தவையின்ரை ஆக்கள் வந்து உன்னைத்தான் கேப்பினம், நீ தாங்கமாட்டாய் எண்டவர். என்னைக் கேக்கட்டும், எனக்கு எஞ்சின் சத்தத்திலை அரைவாசிக் காது போச்சு, பாதிதான் விளங்கும் எண்டு பகிடி விட்டவர்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பகிடிக்காக இன்னும் உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன். நான் எழுதியிருக்கிறேன், வாசிக்கிறேன், கேளுங்கள் என்று அவருக்குச் சொன்னேன். கத்தியின் ஸ்ரிக்கரில் தொடங்கி அவருடைய பெயரை அம்மா சொன்ன இடம்வரை, அவரைத் திட்டிய வரிகளையும் சேர்த்து, ஒன்றையும் விடாமல் வாசித்தேன்.

முடிந்ததும், "ஒண்டு குறையுது" என்றார்.

"என்ன?"

"நான் சும்மா அறுக்கேல்லை. வள்ளத்திலை இருந்தவையைக் கேட்டனான். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. காலிலை காயப்பட்ட ஒரு மனுசி மட்டும், அறு தம்பி, அங்காலை வள்ளங்களிலை பிள்ளையள் இருக்குதுகள் எண்டவா. அவ கரைக்கு வரேல்லை. அவவின்ரை பேர் எனக்குத் தெரியாது. அதை எழுது." பிறகு, "தாசன் மாமா எண்டு எழுதாதை. என்ரை பேரை முழுசாப் போடு, இனிஷலோடை" என்றார்.

ஆகவே எழுதுகிறேன். கடைசி வள்ளத்தில் கயிற்றை அறுத்தவர் ம. யேசுதாசன். அறுக்கச் சொன்னவர் காலில் காயப்பட்ட ஒரு பெண். முன் படகின் ஓட்டியிடம் கத்தி இருக்கவில்லை.

அப்பா, என் கோபம் இந்த இரண்டு பக்கத்தோடு தீராது. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண்ணின் பெயர் கிடைக்கும்வரை நான் விடமாட்டேன். அவருக்குப் பின்னாலும் யாரோ இருந்திருப்பார்கள். அவர்களிடம் கேட்பேன், அவர்கள் என்னைக் கேட்டால் எனக்கு நன்றாகக் காது கேட்கும் என்று சொல்வேன்.

அன்றைக்குக் கடந்து வந்து இப்போது இங்கே இருப்பவர்களின் பெயர்களைச் சிவம் அங்கிளிடம் வாங்கினேன். முதலாவது பெயர் பிக்கரிங்கில் இருக்கும் ஓர் அன்ரி. இன்று காலை அவருக்கு அழைப்பு எடுத்தேன். "ஆர் கதைக்கிறது?" என்றார். "முன் போட் ஓட்டினவற்றை மகள்" என்றேன்.

இப்படிக்கு,
அந்த ஓட்டியின் ஒரே மகள்