இரண்டாவது ஆள் படித்தாரா?

ஜூன் 3, செவ்வாய்

அம்மா மணிக்கட்டில் மறுபடியும் அந்த வலிப் பட்டையைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். ஸ்கேன் சென்டரில் ஒரு நாளைக்கு எண்பது ரிப்போர்ட் டைப் அடிக்கிறாள். எண்பதிலும் 'கல்லீரல் இயல்பான அளவில் உள்ளது' என்று எழுத்தெழுத்தாக அடிக்கிறாள். ஊரார் கல்லீரல் எல்லாம் இயல்பு. இவள் கைதான் இயல்பாக இல்லை.

"ஒரே வரியை எதுக்கும்மா எண்பது தடவை அடிக்கிற? இம்போசிஷனா?"

"வேற எப்படிடி அடிப்பாங்க?"

எனக்கு வந்த கோபத்துக்குக் கம்ப்யூட்டரைத்தான் கடிக்கவேண்டும்.

ஜூன் 5, வியாழன்

அம்மாவின் கம்ப்யூட்டருக்கு ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதி முடித்துவிட்டேன். 'ஆ' என்று அடித்து ஒரு பட்டனைத் தட்டினால் ஆண்களுக்கான ரிப்போர்ட் முழுதாக விழும். 'பெ' என்றால் பெண்களுக்கானது. மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றினால் போதும். இன்னொரு பட்டன், நோயாளி பெயரிலேயே ஃபைலைச் சேமித்து, அன்றைய ஃபோல்டரில் போட்டு, பிரிண்டருக்கும் தள்ளிவிடும். பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

இந்த லீவில் உருப்படியாகச் செய்த முதல் காரியம். இரண்டாவது, அண்ணன் 'ஓகே' என்று அடித்தால் 'உத்தரவு எஜமான்' என்று விழ வைத்தது. இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

"மூணு மணிக்கே முடிஞ்சிடுச்சுடி! பக்கத்து மேஜை அக்காவோடதையும் பாதி நானே அடிச்சேன்!"

பக்கத்து மேஜை அக்கா எனக்குத் தும்மல் அத்தை. காலையில் ஏசி போட்டதும் ஏழு தும்மல். எண்ணி ஏழு. அம்மா அடித்ததை அத்தை படிப்பார், அத்தை அடித்ததை அம்மா படிப்பாள், அப்புறம்தான் பிரிண்ட். பதினோரு வருடமாக இப்படித்தான்.

ஜூன் 9, திங்கள்

அம்மா சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். கொண்டுபோனேன். மேனேஜர் எந்தக் காகிதத்தைக் கண்டாலும் டக்கென்று பின் அடிப்பார். அதனால் அவர் பெயரே ஸ்டேப்ளர்.

"என்னம்மா, உங்கம்மா இப்பல்லாம் பறக்கிறாங்களே?"

சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே, வாய்!

"என் வேலைதான் சார். இனிமே ஒரு ஆளே ரெண்டு ஆள் வேலையைப் பார்க்கலாம்!"

அத்தை பக்கத்தில் நின்று பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 11, புதன்

அத்தையை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 12, வியாழன்

அம்மா கத்தினாள். "அந்த ஆள்கிட்ட போய்ப் பெருமை பேசணுமாடி?"

"உனக்குக் கை வலிக்குதுன்னுதானே பண்ணேன்!"

"நான் கேட்டேனா?"

கேட்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. யார்மேல் கோபப்படுவது? ஸ்டேப்ளர்மேல், ஆமாம். மிச்சக் கோபத்தை எங்கே வைப்பது?

எல்லா ரிப்போர்ட்டின் அடியிலும் 'மேனேஜருக்கு மூளை: தென்படவில்லை' என்று விழ வைக்கிறேன் என்றேன்.

"அது ஒருத்தரோட உடம்பைப் பத்தின பேப்பர். அதுல விளையாடின, கையை ஒடிச்சிடுவேன்."

அத்தைக்குப் போன் செய்தேன். "நீ நல்லதுக்குத்தானே கண்ணு பண்ண" என்றார். திட்டியிருக்கக் கூடாதா? நன்றாக நாலு திட்டு?

ஜூன் 17, செவ்வாய்

இப்போது அம்மாவுக்கு ஒரு நாளைக்கு நூற்றறுபது. அவசரத்தில் 'ஆ' போடவேண்டிய இடத்தில் 'பெ' போட்டுவிட்டாள். அறுபத்தெட்டு வயது தாத்தா ஒருவருக்கு 'கர்ப்பப்பை இயல்பான அளவில் உள்ளது'. டாக்டரும் கையெழுத்துப் போட்டுவிட்டார். தாத்தா கவுன்டரில் கேட்டாராம்: "இத்தனை வருஷமா என்கிட்ட ஒருத்தரும் சொல்லவே இல்லையே?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

"இது கர்ப்பப்பை, தெரிஞ்சுது. கட்டி இருக்கிறவங்களுக்கு இல்லைன்னு போயிருந்தா?"

ஸ்டேப்ளர் எல்லார் முன்னாலும் அம்மாவைக் கிழித்திருக்கிறார். கவனமில்லையாம். கவனத்தை வீட்டுக்கு அனுப்பினது யாரு? நீதானேய்யா!

"அந்த அக்கா இருந்திருந்தா முதல் வரியிலேயே பிடிச்சிருக்கும்" என்றாள் அம்மா.

ஜூன் 18, புதன்

இன்று ஸ்கிரிப்டில் ஐந்தே வரி சேர்த்தேன். பிரிண்ட் போவதற்கு முன் ஒரு பெட்டி வரும்: 'இரண்டாவது ஆள் படித்தாரா?' கடைசி வரி வரை உருட்டிப் படித்துவிட்டு, டைப் அடிக்காத இன்னொருவர் தன் ரகசியச் சொல்லைப் போட்டால்தான் காகிதம் வெளியே வரும்.

அம்மா பெட்டியில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"மேனேஜர் கேட்டா?"

"தாத்தாவுக்கு நடந்தது இனிமே நடக்காம இருக்கன்னு சொல்லு. பொய்யா?"

"இல்லதான்."

பென்டிரைவைத் தானே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஜூன் 20, வெள்ளி

பெட்டி இருக்கட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தாத்தாவின் மகன் வந்து போட்ட சத்தம் இன்னும் அவர் காதில் இருக்கும். படிக்க வேறு ஆள் இல்லை. அதனால் ஸ்டேப்ளரே உட்கார்ந்து படிக்கிறார். ஒவ்வொரு மண்ணீரலாக. மதியத்துக்குள் நாற்பது முடித்துவிட்டுக் கண்ணைக் கசக்கினாராம்.

"உங்க பொண்ணை இதை எடுக்கச் சொல்லுங்க."

"டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும் சார், எடுத்துடலாம்."

என் அம்மாவா இது! ஆனாலும் எனக்குக் கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை. அத்தை இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்.

ஜூன் 23, திங்கள்

எழுபது ரிப்போர்ட் தேக்கம். வரவேற்பறையில் கூச்சலாம். ஸ்டேப்ளர் இன்று எதற்கும் பின் அடிக்கவில்லையாம்.

ஜூன் 25, புதன்

காலை ஒன்பது மணி. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்னடி? இப்பதான் உள்ள வந்து உட்கார்ந்தேன்."

பின்னால் ஏசி போடும் சத்தம். அப்புறம் ஒரு தும்மல்.

"என்ன வேணும்? சொல்லித் தொலையேன்."

"ஒண்ணுமில்லம்மா. கொஞ்சம் லைன்ல இரு."

ஏழு வரைக்கும் எண்ணிவிட்டு வைத்தேன்.