கறுவாச் சீனியும் ஊதா மருந்தும்

6.11.2006 திங்கள்

காலமை மழையும் பனியும் கலந்து. குரோருட் ஸ்டேசனடி முழுக்கச் சறுக்கலாம். வெளியில் போகவில்லை. முழங்கால் நோ.

மகள் சுகந்தி வேலைக்குப் போக முதல் சொன்னது: "அம்மா, வியாழன் பின்னேரம் அபியின்ரை வகுப்பிலை ஒன்றுகூடல். தாய் தேப்பன்மார் எல்லாரும் வருவினம். ஒவ்வொரு வீட்டாலும் ஒரு கேக் கொண்டு வரட்டாம். எனக்கு நாளைக்கும் பின்னேர வேலை. நீங்கள்தான் செய்ய வேணும்."

பயத்தம் பணியாரம் சுடுகிறேன் என்றேன். பேத்தி அபி, வயசு ஏழு, வாய் எழுபது. "வேண்டாம் அம்மம்மா. போன முறை ஒருத்தரும் தொடேல்லை."

உண்மை. பெட்டியோடு போனது பெட்டியோடு வந்தது. பச்சைக் குளிர்ச்சட்டைக்காரி ஒருத்தி ஒன்றை எடுத்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அவளைக் கடையில் இன்னும் காண்கிறனான். நான் சிரிக்கிறதில்லை.

இந்த முறை வேறை. சுகந்தி வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஒரு வெள்ளைக்காரி சொல்லிக் கொடுத்தது. மா குழைக்கத் தேவையில்லையாம். குழைத்த மாவைக் குழாயில் அடைத்து விக்கிறாங்கள். குழைக்காமல் என்ன பலகாரம். சரி.

வாங்க:
குழாய் மா 2
வெள்ளைச் சீஸ், பாணுக்குப் பூசுறது, 2 டப்பா
பட்டர்
வனிலா
கறுவா வேண்டாம், என்னட்டை ஊர்க் கறுவா இருக்கு. இஞ்சத்தையான் விறகுப்பட்டை
மருமகனுக்கு இருமல் மருந்து

மருமகன் பஸ் ஓட்டிவிட்டு வரும்போது எல்லாம் வாங்கி வந்தார், தன்ரை மருந்தைத் தவிர. கதைக்காத மனுசன். தாயைப் போல இல்லை.

7.11 செவ்வாய்

மப்பு. நாள் முழுக்க லைற் போட்டபடி.

அபி பள்ளிக்கூடத்தால் வந்த பிறகு தொடங்கினோம். சு. வேலைக்குப் போய்விட்டாள். மருமகனும் இல்லை.

குழாயின் மேல் பேப்பரை உரித்து மேசை விளிம்பில் தட்ட வேண்டுமாம். தட்டினேன். படார். கையில் இருந்தது எங்கே போனதென்று தெரியாது. நான் மேசைக்குக் கீழே. எப்ப குனிந்தேன்? அபி வயிற்றைப் பிடித்துச் சிரிக்கிறாள். "அம்மம்மா, அது மா." மற்றக் குழாயை அவளிட்டைக் கொடுத்துவிட்டு நான் குசினி வாசலுக்கு வெளியே நின்றேன். அவள் தட்டும்போது காதைப் பொத்தினேன்.

மற்றபடி சுகம்தான். ஒரு குழாய் மாவைத் தட்டில் விரிச்சு, ஓட்டை இல்லாமல் விரலால் அமத்தினது. சீஸ், சீனி, வனிலா மூன்றையும் அடிச்சு மேலே பூசினது. மற்ற மாவால் மூடினது. உருக்கின பட்டர். அதுக்கு மேலே கறுவாவும் சீனியும், கஞ்சத்தனம் இல்லாமல். முட்டை இல்லை. செவ்வாய்க்கிழமை, அது ஒரு நிம்மதி.

அவணுக்குள் மா பொங்கிப் பொன்னிறமாய் வந்தது. மணம் லிஃப்ற் வரைக்கும் போயிருக்கும். நல்லாய்த்தான் வந்தது. அதை எழுதத்தான் வேணும்.

சுட்டு இறக்கினதை நிலத்தில் வைக்கிறது என்ரை கை. அப்படிப் பழகின கை. பழைய துவாயை மடிச்சுப் பல்கனிக் கதவடியில் போட்டு, அதில் தட்டை வைத்துக் கதவைக் கொஞ்சம் திறந்து விட்டேன். குளிருக்குக் கெதியாய் ஆறும். ஆறாமல் வெட்டினால் சீஸ் வழியும். சு. எத்தனை தரம் சொன்னவள், நிலத்தில் வையாதேங்கோ என்று. மேசையில் வைத்தால் மேசை கருகும் என்று கத்துகிறவளும் அவள்தான்.

கோப்பை கழுவத் திரும்பினேன். அபி மணக்கப் போய்க் குந்தி, முன்னங்கையை ஊன்றியிருக்கிறாள். தட்டின் விளிம்பில். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது.

பைப் தண்ணியில் பிடித்தேன். பிறகு ஊதா மருந்து, ஊரிலிருந்து கொண்டு வந்த போத்தல். என்ரை பிள்ளையள் எல்லாருக்கும் சூட்டுக்கும் புண்ணுக்கும் அதுதான். கை நடுங்கி ஊத்துப்பட்டுப் போச்சு. பிள்ளையின்ரை முன்னங்கை முழுக்க ஊதா. சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. தேய்த்த இடமெல்லாம் சிவந்து, ஊதாவும் சிவப்புமாய், ஆரோ பிடிச்சு முறுக்கி அடிச்ச மாதிரி.

அதைப் பார்த்த பிறகுதான் பயம் வந்தது.

போன மாதம் கோயிலில் சாப்பாட்டுப் பந்தியில் பெண்டுகள் கதைச்சது. ஆரோ ஒரு வீட்டுப் பிள்ளை, ஊர் பேர் தெரியாது, கன்னத்தில் ஒரு அடையாளத்தோடு பள்ளிக்குப் போச்சாம். பின்னேரம் வீட்டுக்கு வரவில்லையாம். பள்ளிக்கூடம் அறிவிச்சு, அரசாங்க ஆக்கள் கொண்டு போய் வேறை வீட்டில் விட்டிட்டாங்களாம். உண்மையோ பொய்யோ. கேட்ட நாள் தொடக்கம் நான் அபியைப் பலத்த குரலில் கூப்பிடுகிறதும் இல்லை. சுவருக்கு அங்காலை ஆள் இருக்கு.

"ஆரும் கேட்டால் விழுந்தனான் எண்டு சொல்லு."
"ஏன்?"
"சொல்லு, குஞ்சு."
"அம்மாவுக்கும் அப்படியோ?"
"அம்மாவுக்கும்."

நீளக் கைச்சட்டை போட்டு விட்டேன். சு. வரும்போது பிள்ளை படுத்திட்டாள். தட்டைப் பார்த்துச் சொன்னாள், "அம்மா, கடையிலை வாங்கின மாதிரி வந்திருக்கு." பலகாரம் குளிர்ப்பெட்டிக்குள்.

8.11 புதன்

புதன் என்றால் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி. அரைக் கைச்சட்டை. மறந்து போனேன். என்ரை கலியாணத்தில் ஆர் எந்தப் பந்தியில் இருந்தது, ஆர் கை கழுவாமல் எழும்பினது எல்லாம் தெரியும். இது மறந்து போச்சு.

மத்தியானம் ரெலிபோன் அடிச்சது. எடுக்கவில்லை. திரும்ப அடிச்சது. லிஃப்ற் வந்து நிற்கிற சத்தம் கேட்கக் கதவு ஓட்டையால் பார்த்தேன். மேல் வீட்டுப் பெடியன்.

சு. வேலையை விட்டிட்டு ஓடி வந்தாள். சப்பாத்தோடு குசினிக்குள்.

"அம்மா. அபியின்ரை கைக்கு என்ன நடந்தது?"

சொன்னேன். சும்மா சொல்லவில்லை, முதலில் கொஞ்சம் சுத்தினேன். பிறகு சொன்னேன்.

"பள்ளிக்கூடத்திலை என்ன சொன்னவள் தெரியுமோ? ரீச்சரிட்டைப் படியிலை விழுந்தனான் எண்டவளாம். நேர்ஸிட்டைச் சைக்கிளாலை விழுந்தனான் எண்டவளாம். சைக்கிளே இல்லை எங்களிட்டை."

நான் விழுந்தனான் என்று மட்டும்தான் சொல்லச் சொன்னது. எங்கை என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

"சூடு பட்டது எண்டு சொல்லியிருந்தால் களிம்பைப் பூசி அனுப்பியிருப்பாங்கள் அம்மா. இப்ப என்ன கேப்பாங்கள்? இந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கினது ஆர், ஏன் எண்டு கேப்பாங்கள்."

"அப்ப நான் என்ன செய்யிறது? பிள்ளையைக் கொண்டு போங்கோ எண்டு விடுறதோ?"

"கத்தாதேங்கோ."

இரண்டு பேரும் மெல்லமாய்ச் சண்டை பிடித்தோம். வெள்ளி காலமை பள்ளிக்கூடத்தில் சந்திப்பு. தாய் தேப்பன் இரண்டு பேரும் வரட்டாம். நேர்ஸும் இருப்பாவாம்.

பிறகு சு. முகத்தைப் பாராமல் சொன்னது: "இது முடிய நீங்கள் கொஞ்ச நாளைக்கு ஸ்தவாங்கரிலை தம்பியிட்டைப் போய் நில்லுங்கோ." மகன்ரை பெண்சாதி எனக்குத் தேத்தண்ணியைப் பேப்பர்க் கோப்பையில் தந்தவள், அங்கை. சு. சொன்னதை மறக்க மாட்டேன். சரி பிழை பிறகு. மறக்க மாட்டேன்.

மருமகன் வந்து கேட்டிட்டுப் பல்கனியில் போய் நின்றார். குளிருக்குள்.

9.11 வியாழன்

காற்று. யன்னல் அடிச்சபடி.

காலமை தலை இழுத்துப் பின்னும்போது அபி கேட்டது: "அம்மம்மா, என்னைக் கொண்டு போவினமோ?"
"ஆர் சொன்னது?"
"நீங்கள்தானே நேற்றுச் சொன்னனீங்கள். எனக்குக் கேட்டது."
"ஒருத்தரும் கொண்டு போகாயினம்."
"அப்ப நீங்கள் ஏன் என்ரை தலைமயிரைப் பிடிச்சுக் கொண்டு நிக்கிறியள்?"

விட்டேன்.

ஒன்றுகூடலுக்குப் போகாமல் விடுவோம் என்றேன். சு., "போகாட்டி ஒளிக்கிறம் எண்டு நினைப்பாங்கள்." சரிதான். குளிர்ப்பெட்டியால் எடுத்துச் சதுரம் சதுரமாய் வெட்டினேன். குளிர்ந்ததால் விளிம்பு அழகாய் வெட்டுப்பட்டது. வழியவில்லை.

பள்ளிக்கூடம். மேசை நிறையக் கேக். எங்கள் தட்டு நடுவில். வெறுமையானது. முதல் முறையாய். பச்சைச் சட்டைக்காரியும் எடுத்தாள், மணக்கவில்லை, நேரே வாய்க்குள். வேறை நாளென்றால் எனக்கு அது ஒரு மாதத்துக்குக் காணும்.

ரீச்சரும் வந்தா. உயர்ந்த பெண், கண்ணாடி, மென்மையான குரல். ஒன்று தின்றா. கறுவாச் சீனி ஒட்டின விரலை நக்கிக்கொண்டு இன்னொன்று எடுத்தா. என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரிச்சா. நானும் பல்லைக் காட்டினேன். இந்த வாய்தானே நாளைக்குக் கேட்கப் போகுது என்று நினைச்சேன். அபி நீளக் கையை விரல் நுனி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு மூலையில். ரீச்சரின்ரை கண் அங்கை போய்ப் போய் வந்தது. நான் ஒவ்வொரு முறையும் கண்டேன்.

வீட்டுக்கு வர மோர்டென்ஸ்ருட்டிலிருந்து சம்பந்தி ரெலிபோன். மருமகன்ரை தாய். மகன் சொல்லிப் போட்டார் போல.

"சம்பந்தி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. விழுந்தவள் எண்டே நில்லுங்கோ. மாத்திச் சொன்னால் தொலைஞ்சுது. பிள்ளைக்கு ஒருக்கால் நல்லாய்ச் சொல்லிப் பழக்கி விடுங்கோ. படியோ, சைக்கிளோ, ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும்."

"ம்."

"உங்களுக்கு அப்பவும் பலகாரம் எண்டால் ஒரு அவசரம்தான்."

பிள்ளையளின்ரை கலியாணத்தில் குங்குமக் கலர்ப் பட்டோடு இருந்து, எங்கடை முறுக்கைக் கடிச்சு, "பல்லுப் போச்சு" என்று என்ரை தமக்கையின்ரை முகத்துக்கு நேரே சொன்னவ. பல்லு இண்டைக்கும் இருக்கு.

ரெலிபோனை வைத்த பிறகு யோசிச்சேன். நானும் அதைத்தான் நினைச்சிருந்தேன். படி என்று பழக்கி விடுவோம் என்று. அவவின்ரை வாயால் அதைக் கேட்க, அது எவ்வளவு கூடாத யோசனை என்று விளங்கிச்சுது. அவ சொன்னபடி நான் செய்ய மாட்டேன். செத்தாலும்.

சாமிப் படத்துக்கு முன்னால் நின்றேன். கேட்க ஒன்றும் வரவில்லை. அம்மாளாச்சி என்று மட்டும்.

10.11 வெள்ளி

வெயில். இந்த நாட்டில் வெயில் எறிச்சால் குளிர் கூட.

சு. சொன்னாள் நீங்கள் வர வேண்டாம். நான் சப்பாத்துப் போட்டு வாசலில் நின்றேன். "மாமி வரட்டும்" என்றார் மருமகன். இந்தக் கிழமை முழுக்க அவர் கதைச்சது அவ்வளவுதான்.

சின்ன அறை. சுவர் முழுக்கப் பிள்ளையள் கீறின படம். ரீச்சர், நேர்ஸ், நாங்கள் மூன்று பேர், அபி. கோப்பி வைத்திருந்தாங்கள். ஒருத்தரும் தொடவில்லை.

ரீச்சர் தொடங்க முதல் நான் தொடங்கினேன். தமிழில்.

"சுகந்தி, சொல்லு அவவுக்கு. சுட்டது தட்டு. அதை நிலத்திலை வைச்சது நான். ஊதாவைப் பூசினதும் நான். விழுந்தனான் எண்டு சொல்லச் சொன்னதும் நான். தாய்க்கும் தெரியாது, தேப்பனுக்கும் தெரியாது."

சு. ரீச்சரின்ரை பக்கம் திரும்பினாள். பிறகு இந்த நாட்டுப் பாஷை நொஸ்க்கில் சொன்னாள். முழுக்கச் சொன்னாளோ தெரியாது, நீளமாய்ச் சொன்னாள்.

ரீச்சருக்கு நிலத்தில் வைத்தது விளங்கவில்லை. ஏன் நிலத்தில்? திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்டா. நான் மேசையில் கிடந்த ஒரு கொப்பியை எடுத்து நிலத்தில் வைத்துக் குந்தினேன். இப்படித்தான் வைக்கிறது, பிள்ளை இப்படித்தான் குந்தினவள், கை இப்படி. முழங்கால் விறைச்சு எழும்ப முடியவில்லை. மருமகன் தூக்கி விட்டார்.

நேர்ஸ் ஏதோ மருந்தைப் பஞ்சில் நனைச்சுத் துடைச்சா. ஊதா முழுக்கப் போகவில்லை, மங்கினது. கீழே கோடு தெரிஞ்சது. நேராய், தட்டின் விளிம்பு போல, கொப்பளத்தோடு. நேர்ஸ் ரீச்சரைப் பார்த்து ஒரு சொல் சொன்னா. சு. மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

முடிஞ்சது என்று நினைச்சேன். முடியவில்லை. ரீச்சர் அபியின்ரை பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு மெல்லமாய் ஏதோ கேட்டா. அபி என்னைப் பார்த்தாள், பிறகு நொஸ்க்கில் சொன்னாள். சு. மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்?"

"ஏன் பொய் சொன்னனி எண்டு கேட்டவ."

"இவள் என்ன சொன்னவள்?"

சு. கையைப் பார்த்தபடி: "அம்மம்மா பயந்து நடுங்கினவ. அதுதான் சொன்னனானாம்."

ரீச்சர் இப்ப என்ரை பக்கம் திரும்பினா. சு. மெல்லமாய்ச் சொன்னாள், "எதுக்குப் பயந்தனீங்கள் எண்டு கேக்கிறா. அம்மா, கவனமாய்ச் சொல்லுங்கோ."

இருட்டுக்கு, பேய்க்கு, மகள் பேசுவாள் என்று, எத்தனையோ சொல்லியிருக்கலாம். எல்லாம் வாய்க்குள் வந்தது. நான் கையை நீட்டி ரீச்சரையே காட்டினேன். அதுக்கு மொழி தேவையில்லை.

அவவின்ரை முகம் சிவந்தது. கழுத்து வரைக்கும். நேர்ஸ் யன்னலைப் பார்த்தா. பிறகு ரீச்சர் பேனையை எடுத்து எழுதினா. நீண்ட நேரம் எழுதினா. என்ன எழுதினா என்று சு. கேட்கவில்லை, மருமகன் கேட்கவில்லை. எழும்பும்போது கை தந்தா. சூடான கை.

பிள்ளை எங்களோடு வீட்டுக்கு வந்தாள். இண்டைக்கு வந்தாள்.